கெலாய்டு தழும்புக்கு ஸ்டீராய்டு ஊசி: முதல் குத்து முதல் கடைசிக் குத்து வரை

ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நண்டு ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு?" என்றார். கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு தெரிந்துகொண்டேன், அவர் சொன்னதில் தப்பே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குப் பெயர் வைத்த பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அலிபெர்ட்டும் நண்டைத்தான் நினைத்தார். கெலாய்டு என்ற சொல்லின் வேர், நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். வரப்பில் நண்டு வளை பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பெயரே போதும். காயம் நடுவில் கிடக்கும், கொடுக்கு மட்டும் பக்கத்து நல்ல தோலுக்குள் நீண்டுகொண்டே போகும்.

எனக்கு அது ஒரு பரு ஆறிய இடத்தில் வந்தது. மூன்று வருஷம் கண்ட களிம்பையும் தடவினேன். பிறகு ஏழு ஊசி, ஏறக்குறைய பதினோரு மாதம். இப்போது விரலால் தடவினால் இடம் தெரியும், மேடு தெரியாது. என் அக்கா மகளுக்குக் காதில் வந்தது, அது வேறு கதை, கடைசியில் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஊசி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு யாரும் சொல்லாததெல்லாம் இதில் இருக்கிறது.

முதலில், அது கெலாய்டுதானா

மேடாக இருக்கிற தழும்பு எல்லாமே கெலாய்டு அல்ல. அரிவாள் வெட்டு, தீக்காயம், சிசேரியன் தையல் இவை ஆறும்போது சில வாரங்களிலேயே சிவந்து தடிக்கும். ஆனால் காயத்தின் எல்லையைத் தாண்டாது, மாதங்கள் போகப் போகத் தானாகவே கொஞ்சம் அடங்கும். அது வெறும் தடித்த தழும்பு. கெலாய்டு அப்படியல்ல. காயம் ஆறி மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம் கழித்துக்கூடக் கிளம்பும். எல்லையைத் தாண்டிப் படரும். தானாக அடங்குவது அரிது. அரிக்கும், குத்தும், சட்டை உரசினாலே எரியும்.

நெஞ்சின் நடுவில், தோளில், மேல் முதுகில், தாடை ஓரத்தில், காது மடலில் வந்தால் சந்தேகம் வலுக்கும். அம்மை வடுவில், தடுப்பூசி போட்ட இடத்தில், அலகு குத்திய இடத்தில்கூட வரும். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் அதிகம். நம்மைப் போல் கருத்த தோலுள்ளவர்களுக்கும், வீட்டில் வேறு யாருக்காவது இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

எல்லாரும் முதலில் கேட்பது, "புற்றா?" இல்லை. தொற்றும் இல்லை, ஒரே துண்டில் முகம் துடைத்தாலும் ஒட்டாது. ஆனால் காயமே படாத இடத்தில் கட்டி மெல்ல வளர்ந்தாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, டாக்டர் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வார். அதற்கு மறுக்காதீர்கள். கெலாய்டு போலவே தோன்றும் வேறு கட்டிகள் உண்டு.

கருவாடும் கத்தரிக்காயும் தின்றதால் வளர்கிறது என்பார்கள். நானும் ஒரு வருஷம் இரண்டையும் விட்டுப் பார்த்தேன். தழும்பு கவலைப்படவில்லை.

ஊசி உள்ளே என்ன செய்கிறது

காயம் ஆறும்போது தோலுக்குள் இருக்கும் நார்ச்செல்கள் கொலாஜன் என்ற நாரை நெய்து ஓட்டையை அடைக்கின்றன. அடைத்து முடிந்ததும் நிறுத்த வேண்டும். கெலாய்டில் நிறுத்துவதில்லை. மதகை மூட மறந்த வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு அந்த மதகை இறக்குகிறது. அழற்சியைக் குறைக்கிறது, நார்ச்செல் பெருகுவதைத் தடுக்கிறது, புதுக் கொலாஜன் சேர்வதைக் குறைத்து ஏற்கெனவே சேர்ந்தது கரையவும் வழி விடுகிறது. நம் ஊர்க் கடைகளில் கெனாகார்ட் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த மருந்து இதுதான். ஒரு மில்லிக்கு 10 மி.கி., 40 மி.கி. என இரண்டு வலுவில் வரும்.

ஸ்டீராய்டு என்றதும் முகம் ஊதிவிடும் என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அரிப்புக்கும் மூட்டு வலிக்கும் இதே மருந்தை இடுப்பில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். தழும்புக்குள் போடுவது சிறு அளவு, அது பெரும்பாலும் அங்கேயே நின்று வேலை செய்யும். ஆனால் மெடிக்கலில் வாங்கிக்கொண்டு போய்த் தெரிந்த கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல இது. தழும்புக்குள் போக வேண்டியது அதற்கடியிலுள்ள கொழுப்பில் இறங்கினால், தழும்பு அப்படியே நிற்கும், பக்கத்தில் குழி விழும்.

வெறும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் தடித்த தழும்புக்குள் போதுமான அளவு இறங்காது. சுற்றியுள்ள நல்ல தோலைத்தான் மெலிய வைக்கும். என் மூன்று வருஷம் அப்படித்தான் போனது.

யாரிடம், எந்த மாதத்தில்

தோல் மருத்துவர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறீர்களோ அங்கே ஓ.பி. சீட்டு வாங்கித் தோல் பிரிவுக்குப் போகலாம். தோல் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிவரை என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதாமாதம் போகப்போவதால் இது முக்கியம்.

தொடங்கும் மாதத்தை நான் சொல்வதுபோல யோசித்துப் பாருங்கள். ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி பொதுவாக நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்வரை போகும். சம்பா அறுவடை முடிந்து மாசிக் கடைசியில் தொடங்கினால் பங்குனி, சித்திரை, வைகாசி என்று நான்கு ஊசி ஆகிவிடும். மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். அறுப்பு நேரத்தில் தொடங்கினால், வெயிலும் வியர்வையும் நெல் சுணையும் சேர்ந்து, அரிப்பு ஊசியாலா சுணையாலா என்றே தெரியாது. வயல் வேலை இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் போய், "அதுக்குள்ள சரியாகணும்" என்று கேட்கும் பெண்கள் மட்டும் நிறைய. ஒரு மாதத்தில் ஆகாது. ஒரு வருஷம் முன்னால் வாருங்கள் என்றுதான் டாக்டர் சொல்வார்.

போகுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தழும்புக்குப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், மாதாமாதம் ஒப்பிட நல்ல அளவுகோல். கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, போட்டோவில் தெரியும்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

சர்க்கரை இருந்தால் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறலாம், முன்னும் பின்னும் பார்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, காசநோய் இருந்ததா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கண் அழுத்த நோய் உண்டா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்கள் வெட்கப்படாமல் மருந்தின் பெயரையே சொல்ல வேண்டும். ரிட்டோனாவிர் போன்ற சில மருந்துகள் உடம்பு இந்த ஸ்டீராய்டைக் கழிக்கவிடாமல் தேக்கிவைக்கும், அப்போது சின்ன ஊசியும் பெரிய ஊசி ஆகிவிடும். தழும்பின்மேல் சீழோ புண்ணோ இருந்தால் அது ஆறிய பிறகுதான் ஊசி.

ஊசி போடும் நாள்

பொய் சொல்ல விரும்பவில்லை, வலிக்கும். முதல் ஊசி கடினமானது. ஏனென்றால் தழும்பு அப்போதுதான் ரப்பர் செருப்பு மாதிரி இறுகியிருக்கும், மருந்து உள்ளே போக மறுக்கும். பெரும்பாலும் மூன்றாவது ஊசியில் தழும்பு இளகிவிடும், வலியும் குறையும். இது தெரியாமல்தான் பலர் முதல் நாளோடு ஓடிவிடுகிறார்கள்.

வலியைக் குறைக்க வழிகள் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி வைக்கலாம். வரிசை நீளமாக இருக்கும் நாளில் அதற்கு வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கும். சில டாக்டர்கள் மருந்தோடு லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கலப்பார்கள். சிலர் ஊசிக்கு முன் திரவ நைட்ரஜனால் தழும்பை உறையவைப்பார்கள். உறைந்து இளகும்போது தழும்பு நீர் கோத்துப் பூரித்து மெதுவாகும், மருந்து எளிதாக இறங்கும். ஆனால் கருத்த தோலில் அந்த இடம் வெளுத்துப்போக வாய்ப்பு உண்டு. முகம், காது என்றால் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதியுங்கள்.

மருந்துப் புட்டியைக் குலுக்குவதைக் கவனியுங்கள். இது பால் போன்ற கலங்கல் மருந்து, நிறுத்தி வைத்தால் அடியில் படியும். குலுக்காமல் எடுத்தால் மேல்நீர்தான் வரும். குலுக்குவதைப் பார்க்கவில்லையென்றால் கேட்பதில் தப்பில்லை. நான் ஒருமுறை கேட்டபோது சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "என்னங்கம்மா, நீங்களே போட்டுடுவீங்க போலிருக்கே" என்றார்.

பெரும்பாலும் இன்சுலின் சிரிஞ்சைத்தான் எடுப்பார்கள். ஊசியும் சிரிஞ்சும் ஒன்றாகவே இருப்பதால் அழுத்தும்போது பிய்த்துக்கொண்டு தெறிக்காது. தழும்பின் உள்சதைக்குள், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் குத்திக்கொண்டே போவார்கள். மருந்து சரியான ஆழத்தில் இறங்கினால் அந்த இடம் ஒரு நொடி வெளுக்கும், கைக்கு எதிர்ப்புத் தெரியும். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் ஆழமாகிவிட்டது என்று பொருள், நல்ல டாக்டர் ஊசியைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வார். நெஞ்சு, தோள் என்றால் 40 மி.கி. வலுவில் தொடங்குவது உண்டு, முகத்துக்கு இளக்கமாக. பெரிய தழும்பாக இருந்தால் ஒரே நாளில் முழுதும் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உடம்புக்குள் ஒரு நாளில் போகும் ஸ்டீராய்டுக்கு வரம்பு உண்டு, பாதி இந்த மாதம் பாதி அடுத்த மாதம் என்று பிரிப்பார்கள். குழந்தைகளுக்கு அளவு இன்னும் குறைவு.

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காக விடியற்காலை பஸ் ஏறியிருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று முழுவதும் சேற்றில் இறங்க வேண்டாம், குளத்தில் குளிக்க வேண்டாம். மறுநாள் சோப்புப் போட்டுக் குளிக்கலாம். இரண்டு மூன்று நாள் வலி இருக்கும், பாராசிட்டமால் போதும். தேய்க்காதீர்கள், பிதுக்காதீர்கள், மஞ்சள் பூசாதீர்கள். சூடு பரவிச் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் போங்கள்.

சிலருக்கு அந்த மாதம் தீட்டு முன்னுக்குப் பின் வரும். எனக்கு இரண்டு தடவை வந்தது. கர்ப்பம் என்று நினைத்து நான் கலங்கியதற்கு முன்கூட்டி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நெஞ்சுத் தழும்புக்காரப் பெண்களுக்கு ஒன்று. தாலிச் சரடு ஓயாமல் உரசுவது தழும்புக்குப் பிடிக்காது. கழற்றச் சொல்லவில்லை. சரடைக் கொஞ்சம் நீட்டியோ குறுக்கியோ, தழும்பின்மேல் விழாத நீளத்தில் கட்டிக்கொள்ளுங்கள். நான் இரண்டு விரற்கடை நீட்டினேன்.

ஊசிகளுக்கு நடுவில் தழும்பின்மேல் போடும் சிலிக்கோன் தாள் அல்லது ஜெல் உதவும். ஒரு நாளில் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், மாதக் கணக்கில் போட வேண்டும். சித்திரை வெயிலில் அதன் அடியில் வேர்த்து வேர்க்குரு வரும். இரவில் மட்டும் போட்டு, காலையில் தாளையும் தோலையும் கழுவி உலர்த்தி, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

இரண்டாவது ஊசிக்கும் நான்காவது ஊசிக்கும் நடுவில்

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறது. மருந்தின் மேல் குறை இல்லை, காலண்டரின் மேல்தான்.

முதலில் போவது அரிப்பு. ஒன்றிரண்டு ஊசியிலேயே இரவில் சொறியாமல் தூங்கலாம். பிறகு தழும்பு இளகும். மேடு இறங்குவது அதற்கும் பின்னால். அரிப்பு போனதும் நமக்கு அவசரம் போய்விடுகிறது. எனக்குப் பங்குனி ஊசிக்குப் பின் அரிப்பு சுத்தமாக நின்றது. சித்திரையில் உறவில் ஒரு கல்யாணம், வைகாசியில் இன்னொன்று, இரண்டு மாதம் போகவில்லை. ஆனியில் போனபோது ஒரு கொடுக்கின் நுனி மறுபடியும் சிவந்து கிளம்பியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. பழைய போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், சீட்டில் முதல் ஊசியின் வலுவையே மறுபடி எழுதினார். அது திட்டியதைவிட உறைத்தது.

மருத்துவ நூல்கள் இந்த ஊசிக்குச் சொல்லும் பலன் 50 முதல் 100 சதவீதம்வரை பரந்து கிடக்கிறது, மறுபடி வளர்வது 9 முதல் 50 சதவீதம்வரை. இத்தனை அகலமான எண்ணுக்குத் தழும்பின் வயது, இடம், வலு எல்லாம் காரணம். எத்தனை பேர் முழுதும் வந்தார்கள் என்பதும் அதில் ஒன்று என்பது என் எண்ணம்.

நான்கு ஊசி தவறாமல் போட்டும் கொஞ்சமும் இளகவில்லையென்றால் அதே ஊசியைத் தொடர்வதில் அர்த்தமில்லை. 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தை ஸ்டீராய்டோடு சேர்த்துப் போடுவார்கள். அது புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்து என்பதால் பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், இங்கே அளவு சிறிது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் கூடவே கூடாது.

எப்போது நிறுத்துவது

தழும்பு தோல் மட்டத்துக்கு வந்ததும். நமக்கு ஆசை விடாது, "இன்னொண்ணு போட்டா நிறமும் போயிடுமே" என்று தோன்றும். போகாது. ஸ்டீராய்டு மேட்டை இறக்கும், பழைய தோலைத் திருப்பித் தராது. தட்டையான பின்னும் போட்டால் குழி விழும், தோல் காகிதம் மாதிரி மெலியும், சிவந்த ரத்தக்குழாய் இழைகள் தெரியும், இடம் வெளுக்கும். வெளுப்பு பல சமயம் மாதங்களில் திரும்பும், குழி அத்தனை எளிதில் நிரம்பாது. என் கடைசி ஊசியைக் கேட்டது நான், போடாதது டாக்டர். மார்கழியில் போட்ட ஏழாவதோடு நிறுத்தினார். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னார். மறுபடி கிளம்பினால் முளையிலேயே ஒரு ஊசியில் அடங்கும்.

காதுக் கதை

அக்கா மகள் காலேஜில் சேர்ந்ததும் மேல் காதில் இரண்டாவது குத்து குத்திக்கொண்டாள். ஆறு மாதத்தில் பின்பக்கம் நெல்லிக்காய் அளவு உருண்டை. அக்கம்பக்கத்தில் மருவுக்குக் கட்டுவதுபோல நூல் கட்டி அறுக்கச் சொன்னார்கள். நல்லவேளை கட்டவில்லை. கெலாய்டுக்கு ஒவ்வொரு புதுக் காயமும் ஒரு புது அழைப்பு. ஆனால் ஒரு தனியார் கிளினிக்கில், "ஒரே நாள், வெட்டி எடுத்துடலாம்" என்றார்கள். வெட்டினார்கள். தையல் பிரித்து அனுப்பியதோடு சரி, அதற்குப் பின் வரச் சொல்லவில்லை. எட்டாவது மாதம் நெல்லிக்காய் இருந்த இடத்தில் எலுமிச்சை.

வெறுமனே வெட்டினால் மறுபடி வளரும் வாய்ப்பு பாதிக்குக் குறையாது என்பது பல காலமாக அறிந்த உண்மை. காது மடலில் உருண்டை பெரிதாகிவிட்டால் வெட்டத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. வெட்டும்போதோ தையல் பிரிக்கும்போதோ ஸ்டீராய்டு ஊசி, பிறகு மாதாமாதம் சில தடவை, கூடவே அழுத்தும் கம்மல். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது சிகிச்சை. திரும்பத் திரும்ப வரும் பிடிவாதக் கெலாய்டுக்கு, வெட்டி ஓரிரு நாளுக்குள் கதிர் சிகிச்சை தொடங்குவதும் உண்டு. வெட்ட ஒப்புக்கொள்ளும் முன், "அப்புறம் எந்த மாதம் வரணும்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் கத்தியை வைக்க விடாதீர்கள்.

இரண்டாம் தடவை அரசு மருத்துவமனையில் முறையாகச் செய்தார்கள். இப்போது அவள் அழுத்தும் கிளிப்பைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறாள். மடல் நிறம் மாறாத அளவுக்கு இறுக்கம், வலித்தால் தளர்த்த வேண்டும், ஆறு மாதமாவது போட வேண்டும்.

அவளுக்குக் குழந்தை பிறந்ததும் அடுத்த கேள்வி வந்தது. "சித்தி, வைத்தீஸ்வரன் கோயில்ல மொட்டை அடிச்சுக் காது குத்தலாமா, வேண்டாமா?" அவள் டாக்டரிடமும் கேட்டாள். காது குத்திக் கெலாய்டு வந்தவர்களைப் பார்த்த ஆய்வில், பதினோரு வயதுக்குப் பின் காது குத்தியவர்களுக்குத்தான் அது அதிகம் வந்திருக்கிறது. குத்தாமலே விடுவதுதான் முழுப் பாதுகாப்பு, குத்துவதாக இருந்தால் சின்ன வயதில், மடலில் ஒரே ஒரு குத்து, சுத்தமான ஊசியால், என்றார். போன மாசியில் குத்தினார்கள். அவள் இப்போது வாரம் ஒருமுறை குழந்தையின் மடலை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்கிறாள், கடுகளவு கட்டி தட்டுப்பட்டாலும் எந்தக் கிழமை ஓ.பி. என்று அவளுக்குத் தெரியும்.